பக்க எண் சொல்லி அடிக்கவும்

அந்தக் கல்லூரியில் யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. ஒரு நீள்வட்ட மேசை, சுற்றிலும் நாற்காலிகள், மேசைமேல் ஒரு பழம்பெரும் நூல். கல்வி அவ்வளவுதான். கரும்பலகை கிடையாது; அதன் முன்னால் நிற்பவருக்குத் தான் மற்றவர்களைவிட உயர்ந்தவர் என்ற எண்ணம் வந்துவிடக்கூடும். பேராசிரியர்கள் இருந்தார்கள், ஆனால் அப்படி அழைத்தால் மனம் வருந்துவார்கள். மூத்த வாசகர் என்றுதான் சொல்ல வேண்டும். முதல்வர்கூட முதல் வாசகர்தான். கார் மட்டும் முதல்வருடையது.

அவள் அங்கே போய்ச் சேர்ந்தது, கல்லூரியின் அறிமுகப் புத்தகத்தில் இருந்த ஒரே ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான். 'இங்கு எல்லாக் கருத்து வேறுபாடுகளும் உரையாடலால் மட்டுமே தீர்க்கப்படும்.' குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் வீட்டில் கருத்து வேறுபாடுகளை அண்ணன் பெல்ட்டால் தீர்த்துவைத்தான். மரக்கடை வைத்திருந்தான். நாள் முழுக்கக் கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கைக்கு வேலை நின்றுவிட்டது என்பது தெரியாது. சாப்பாடு ஆறியிருந்தால் அண்ணிக்கு. அவன் பேசும்போது எழுந்து போனால் தங்கைக்கு. அழுதால் அவனுடைய சின்ன மகளுக்கு.

அவன் சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தபோது அண்ணிதான் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள்.

"கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடறேன். நீ போ."

"உங்களைத்தானே அடிப்பார், அண்ணி?"

"எப்படியும் அடிக்கத்தானே போறார். இந்தத் தடவை ஒரு காரணமாவது இருக்கட்டும்."

கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த முதல் பரிசு ஒரு பட்டப்பெயர். மேசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால் முதலில் வாயில்லாப்பூச்சி என்றார்கள். அது நீளம் என்று பூச்சி என்றாக்கினார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை அவள் உடம்பு வேறொரு வீட்டில் கற்றிருந்தது. ஆனால் கல்லூரியில் ஒரு விதி உண்டு. முதல் ஆண்டு முடிவதற்குள் உரையாடலுக்குள் நுழையாதவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். அந்தச் சொல்லை, வீடு என்பதை, மூத்த வாசகர்கள் மிகவும் கனிவாக உச்சரித்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. நூலில் இல்லாத எதையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. நூலாசிரியர் யார், எந்தக் காலத்தில் இருந்தார், என்ன ஆனார் என்பதெல்லாம் வெளிச்செய்தி. அகராதியும் உரைகளும் வெளிச்செய்திதான். முதல் நாளிலேயே ஒரு பெண், "கீழே சின்ன எழுத்துல இருக்கறதைப் படிக்கலாமா?" என்று கேட்டு, மேசை முழுவதையும் சங்கடத்தில் ஆழ்த்தினாள். அவளுக்கு அடிக்குறிப்பு என்று பெயராயிற்று. பூச்சியும் அடிக்குறிப்பும் ஒரே அறையில் தங்கினார்கள்.

அந்தப் பருவம் ஒரு பழைய போர்க்காப்பியத்தோடு தொடங்கியது. ராஜாவின் கோபம் நியாயமா என்பது கேள்வி. பல வாரங்களாக அது நியாயமா என்று பேசி, பிறகு நியாயம் என்றால் என்ன என்று பேசி, பிறகு 'என்றால்' என்றால் என்ன என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மேற்கோள் எழுந்தான். எதற்கும் நூலிலிருந்தே ஒரு வரியைச் சொல்லிப் பதில் தருகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். நல்ல உயரம், அகன்ற தோள்.

"வாசகரே, உங்க கருத்தை நான் ரொம்ப மதிக்கறேன்," என்று எதிரே இருந்தவனிடம் சொல்லிவிட்டு, கெட்டி அட்டை போட்ட காப்பியத்தை இரண்டு கையாலும் தூக்கி அவன் மூக்கில் இறக்கினான்.

மூக்குத் தண்டு உடைகிற சத்தம் காய்ந்த சுள்ளி முறிவதைப் போல இருந்தது. ரத்தம் மேசையின் பளபளப்பில் நூல் பிடித்தது போல ஓடியது. அன்று மேசையில் இருந்த மூத்த வாசகி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"ரொம்ப சுவாரசியமா இருக்கு. இதுக்கு நூல்ல ஆதாரம் உண்டா?"

"உண்டு. ஐந்தாம் காண்டம், தூதன் வர்ற பக்கம். அவன் பேசி முடிக்கறதுக்குள்ள ராஜா அவன் முகத்தை உடைக்கறான்."

எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். இருந்தது.

"அப்போ இது வெறும் அடி இல்ல," என்றார் மூத்த வாசகி. "இது ஒரு வாசிப்பு."

"என் மூக்கு..." என்றான் அடி வாங்கியவன்.

"வாசகரே, உங்க மூக்கு நூல்ல இல்லையே. தயவுசெஞ்சு வெளிச்செய்தி வேண்டாம்."

மறுவாரம் நடைபாதைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'பக்க எண் சொல்லி அடிக்கவும்.' அதற்குக் கீழே: 'ஆதாரமின்றி அடிப்பது உரையாடல் நாகரிகத்துக்கு ஒவ்வாது.'

அதன் பிறகு மாணவர்கள் படித்ததைப் போல அதற்கு முன் அந்தக் கல்லூரியில் யாரும் படித்ததில்லை. விடிவதற்குள் நூலகத்தின் முன் கூட்டம் நின்றது. மெல்லிய அட்டைப் பதிப்புகளைத் தொட ஆளில்லை. வடிவியல் நூலை எடுத்துக்கொண்ட வாரத்தில், வட்டத்துக்கு மையம் ஒன்றுதான் என்பதை நிறுவுவதற்காக ஒருவன் காம்பஸை இன்னொருவன் உள்ளங்கையில் ஊன்றி, முழு வட்டமும் போட்டுக் காட்டினான். படம் துல்லியமாக இருந்ததாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆன்மாவைப் பற்றிய தத்துவ நூல் வந்தபோது சிலர் சோர்ந்துபோனார்கள். அதில் யாரும் யாரையும் தொடுவதே இல்லை. பிறகு உடல் ஆன்மாவின் சிறை என்று ஒரு வரி அகப்பட்டது. அன்று மாலைக்குள் பல ஆன்மாக்களை விடுவிக்கும் முயற்சி நடந்து, ஒன்று ஏறக்குறைய விடுதலையாகிவிட்டது. ஜன்னல் வழியாக.

மருத்துவ அறையில் இருந்த நர்ஸ் காயத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்பாள்: "எந்த நூல்?"

"நாடகம்."

"எத்தனாவது அங்கம்?"

"கடைசி."

"கடைசி அங்கமா? அப்போ தையல்தான். முதல் அங்கம்னா நீங்களே ரூம்ல மருந்து போட்டுக்கலாம், இங்க வராதீங்க."

பெற்றோர்களை அழைத்து நடத்திய விழாவில் முதல் வாசகர் பேசினார். மெலிந்த மனிதர். பேசும்போது விரல் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்வார். முன்வரிசையில் கட்டுப் போட்ட தலைகள் அமர்ந்திருந்தன.

"வெளியே உலகத்தைப் பாருங்கள். மக்கள் ஒருவரையொருவர் காரணமே இல்லாமல் அடித்துக்கொள்கிறார்கள். எவ்வளவு வேதனை! எங்கள் மாணவர்களைப் பாருங்கள். இவர்களில் ஒருவர்கூட காரணமில்லாமல் அடிபட்டதில்லை. சிலர் கேட்கிறார்கள், இந்தப் படிப்பு என்ன வேலைக்கு உதவும் என்று. நான் சொல்கிறேன், எங்களிடம் படித்தவர்கள் எங்கே போனாலும், எதைச் செய்தாலும், அதற்கு ஓர் உயர்ந்த காரணத்தைச் சொல்லத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். இதைவிடப் பெரிய வேலைவாய்ப்பு எது? ஒரு தாய் என்னிடம் கேட்டார், என் மகன் இடது கண் பார்வையை இழந்துவிட்டானே என்று. நான் கேட்டேன், அம்மா, வலது கண்ணால் அவன் இப்போது எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறான், கவனித்தீர்களா?"

கைதட்டல் நீண்டது. தட்ட முடியாதவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள்.

பூச்சி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையிலும் அப்படித்தான் உட்காருவாள். வீட்டில், பெல்ட்டின் பக்கிள் அவிழும் சத்தத்தை மூன்று அறை தள்ளியிருந்தும் கேட்கப் பழகியவள் அவள். இங்கே பக்கம் புரளும் வேகத்தை வைத்தே அடுத்த அடி யாருக்கு என்று சொல்லிவிடுவாள். இரண்டும் ஒன்றல்ல என்று நம்புவதற்கு அவள் மிகவும் உழைத்தாள். இங்கே அடிப்பதற்கு முன் மதிப்புத் தெரிவிக்கிறார்கள். இங்கே யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்தாலும் 'வாசகரே' என்று சொல்லித்தான் இழுக்கிறார்கள். படுக்கையில் உதடு வீங்கிக் கிடக்கும்போது இவற்றை ஒவ்வொன்றாகத் தனக்குச் சொல்லிக்கொள்வாள். அடிக்குறிப்பு ஈரத்துணியை மடித்து அந்த உதட்டில் வைப்பாள்.

"யாருடி?"

"மேற்கோள்."

"எந்தப் பக்கம்?"

"கேக்கலை. மயக்கமா இருந்துச்சு."

"கேட்டு வச்சுக்கணும்டி. பரீட்சைக்கு வரும்."

சிரித்தால் உதடு வெடிக்கும் என்று தெரிந்தும் பூச்சி சிரித்தாள்.

ஆண்டு இறுதி நெருங்கியபோது படர்க்கை அமர்வுக்கு அழைப்பு வந்தது. மாணவரை நடுவில் உட்காரவைத்து, மூத்த வாசகர்கள் அவரைப் பற்றி, அவர் அங்கே இல்லாதது போலப் பேசிக்கொள்ளும் சடங்கு அது. நேருக்கு நேர் குறை சொன்னால் மனம் புண்படும் என்பதற்காக ஏற்படுத்தியது.

"அந்தப் பொண்ணு படிக்கறாளா?" என்று முதல் வாசகர் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"படிக்கறா. எல்லாத்தையும் படிக்கறா," என்றார் மூத்த வாசகி. "ஆனா படிச்சதுக்கு அடையாளம் எதுவும் யார் மேலயும் இல்ல."

"அவ முகத்துல இருக்கே?"

"அது மத்தவங்க படிச்சது."

"பாவம். வீட்டுல தகவல் சொல்லியாச்சா?"

"அண்ணன்கிட்ட போன்ல பேசினேன். ரொம்ப அக்கறையான மனுஷர். நாங்க எங்க இருக்கோம்னே இத்தனை நாளா தெரியாதாம், விலாசத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கிட்டார். அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போயிடுவார். அதுக்குள்ள அவ உரையாடலுக்குள்ள வந்துட்டா, வர வேண்டாம்னு சொல்லிடலாம்."

"நான்..." என்றாள் பூச்சி.

முதல் வாசகர் சங்கடத்தோடு மூத்த வாசகியைப் பார்த்தார். "ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

"கதவா இருக்கும்."

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அடிக்குறிப்பு எல்லாவற்றையும் கேட்டாள். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"என்னை அடி," என்றாள்.

"லூசா நீ?"

"கேளு. நாளைக்கு என்ன நூல்? அந்த அக்கா தங்கச்சி கதை. அதுல மூணாவது அத்தியாயக் கடைசியில அக்கா தங்கச்சியை ஒரு அறை விடறா. ஒரே ஒரு அறை. ஒரு வரிகூட முழுசா இல்ல. நான் ஏதாவது உளறுவேன், நீ பக்கத்தைச் சொல்லிட்டு அறைஞ்சிடு. உள்ள வந்துட்டேன்னு எழுதிக்குவாங்க. உங்க அண்ணன் வர வேண்டாம்."

"உனக்கு வலிக்குமே."

"எங்க அத்தை பாசமா கிள்ளறதே இதைவிட வலிக்கும். மெதுவா அடி, போதும். சத்தம் வர்ற மாதிரி."

மறுநாள் மேசையில் அடிக்குறிப்பு பேசத் தொடங்கினாள். தங்கைக்குத்தான் அக்காமேல் பாசம் அதிகம் என்று எதையோ சொன்னாள். பூச்சி எழுந்து நின்றாள். பக்க எண்ணைச் சொன்னாள். அந்த ஆண்டு முழுவதும் அந்த மேசையில் அவள் சொன்ன முதல் சொல் ஓர் எண்தான். பிறகு கையை ஓங்கினாள்.

கையில் நூல் இருந்தது. கீழே வைக்க மறந்துவிட்டதாக அப்போது நினைத்தாள். முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அடிக்குறிப்பு திட்டப்படி "ஐயோ" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் தோளிலிருந்து முழங்கை வழியாக ஏதோ இளஞ்சூடாக இறங்கிக்கொண்டிருந்தது, நெடுநாள் அடைத்திருந்த குழாய் திறந்துகொண்டது போல. இரண்டாவது அடியில் நூலின் முனை வாயில் பட்டது. மூன்றாவதில் ஒரு பல் உள்ளே முறிவதைக் கை உணர்ந்தது. நான்காவது அடிக்கு அடிக்குறிப்பு நாற்காலியில் இல்லை, தரையில் இருந்தாள். பூச்சி குனிந்து அடித்தாள். அவளுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. அடித்து முடித்த பிறகு அண்ணனின் முகம் ஏன் அவ்வளவு அமைதியாக, ஏறக்குறைய அழகாக இருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நூல்ல ஒரு அறைதானே இருக்கு?" என்றான் மேற்கோள், பொறாமையோடு.

"நூல் சொல்லாம விட்டதையும் சேர்த்துப் படிச்சிருக்கா," என்றார் மூத்த வாசகி. அவர் கண்கள் கலங்கியிருந்தன. "வருக, வாசகரே. உரையாடலுக்குள்ள வந்துட்டீங்க. அந்த அண்ணனுக்கு வர வேண்டாம்னு இப்பவே போன் பண்ணிடறேன்."

போன் பண்ணத் தேவைப்படவில்லை. அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்திருக்கிற ஆள் அவனல்ல. கதவு சுவரில் மோதித் திறந்தது. கடைத் தூசு படிந்த சட்டையோடு அண்ணன் உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேராக அவளிடம் வந்து ஓர் அறை விட்டான். அவள் தலை மேசை விளிம்பில் மோதியது.

"சொல்லாம வருவியா? நட."

மயிரைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். மேற்கோள் வழியை மறித்து நின்றான்.

"வாசகரே, உங்க செயலை நான் ரொம்ப மதிக்கறேன். பக்க எண்?"

அண்ணன் அவனை ஒரு கட்டையைத் தூக்குவது போல இடுப்பில் பிடித்துத் தூக்கி மேசைமேல் போட்டான். மேசை நடுவில் பிளந்தது. மேற்கோளின் தோள் இறங்கிக் கை தவறான பக்கம் பார்த்துத் தொங்கியது. பிறகு எல்லோரும் பரபரவென்று பக்கங்களைப் புரட்டினார்கள்.

"காப்பியத்துல இல்ல."

"நாடகத்துலயும் இல்லையே."

"தேடாதீங்க," என்றார் மூத்த வாசகி, கிசுகிசுப்பாக. "இதுக்கு ஆதாரம் கிடைக்காது. நாம இத்தனை வருஷமா படிச்சதெல்லாம் இதுக்கு எழுதின உரை. இதுதான் மூலம்."

முதல் வாசகர் ஓடி வந்தார். அண்ணனின் முன்னால் தலையைத் தாழ்த்தினார். அண்ணன் தங்கையின் மயிரை விடாமலே ஓரடி பின்வாங்கினான்.

"யாருய்யா நீங்கல்லாம்?"

"எளிய வாசகர்கள். ஐயா எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுல நிறுத்திட்டேன். என்ன இப்போ?"

"உரை ஏதாவது படிச்சதுண்டா? முன்னுரை?"

"அப்படின்னா?"

முதல் வாசகர் கையைக் கூப்பினார். "கறை படாத பிரதி! ஐயா, அந்தக் கடைசி வீச்சை இன்னொரு தடவை மெதுவா செஞ்சு காட்ட முடியுமா? இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குச் சரியாத் தெரியல."

அண்ணன் எல்லோர் முகத்தையும் பார்த்தான். கேலி எங்கே இருக்கிறது என்று தேடினான். கிடைக்கவில்லை. அவனை நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு, கெஞ்சியவர்கள் உண்டு. திரும்பச் செய்யச் சொன்னவர்கள் யாருமில்லை. அவன் பிடி தளர்ந்தது. யாரோ நாற்காலி போட்டார்கள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். அவன் உட்கார்ந்தான், முழங்கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, விருந்தாளியைப் போல.

"ஏன் அடிச்சீங்க?" என்று மூத்த வாசகி மென்மையாகக் கேட்டார்.

"சொல்லாம வந்துட்டா."

"சொல்லாம," என்றார் முதல் வாசகர், கண்ணை மூடிக்கொண்டு. "எவ்வளவு செறிவு! ஐயா, உங்களை நாலு வருஷப் பாடத்திட்டத்துல சேர்த்துக்கறோம். தங்க அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. தினம் காலையில மேசைக்கு வந்தா போதும்."

"கடை இருக்கே, சார்."

"பழம்பெரும் நூல் எதுவும் கடை வச்சதில்லைங்க."

அண்ணன் யோசித்தான். அவன் யோசிப்பதைப் பூச்சி முதல்முறையாகப் பார்த்தாள். வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு அவன் மீசைக்குக் கீழே வந்தது. அவன் அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் தரையில் அடிக்குறிப்பின் அருகே மண்டியிட்டாள். அடிக்குறிப்பு உள்ளங்கையில் ரத்தத்தோடு பல்லை ஏந்திக்கொண்டு பிளந்த மேசையின் காலில் சாய்ந்திருந்தாள்.

"வா, போயிடலாம். எங்க வீட்டுக்கு வா. அவர் இங்கதான் இருக்கப் போறார். அங்க இனிமே அடிக்க யாருமில்ல."

அடிக்குறிப்பு அவளை நிமிர்ந்து பார்த்தாள். வீங்கிய வாயால் பேசச் சிரமப்பட்டாள்.

"நீ இருப்பியே," என்றாள்.

பேருந்தில் பூச்சி அந்தச் சொல்லை எப்படியாவது வேறு பொருளில் படிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஓர் ஆண்டுப் பயிற்சி இருந்தும் முடியவில்லை.

கதவைத் திறந்த அண்ணி முதலில் அவள் தோளுக்குப் பின்னால்தான் பார்த்தாள்.

"அவர் எங்க?"

"காலேஜ்ல."

"என்ன, படிக்கறாரா?"

"இல்ல அண்ணி. அவரைப் படிக்கறாங்க."

அண்ணிக்குப் புரியவில்லை. உள்ளே அழைத்துப்போய், கதவைச் சாத்தி, முழுவதையும் சொல்லவைத்தாள். அடிக்குறிப்பைத் தவிர எல்லாவற்றையும் அவள் சொன்னாள்.

"நாலு வருஷமா?"

"நாலு. பிடிச்சுப்போச்சுன்னா மேற்கொண்டு ஆராய்ச்சியும் பண்ணுவாங்களாம்."

அண்ணி சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பை அந்த வீடு அதற்கு முன் கேட்டதில்லை. விலாவில் பழைய அடி வலிக்க, அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கடவுளே, அடுத்த மேசையாவது தாங்கணுமே," என்றாள். பிறகு எழுந்து, ஜன்னல்களை எல்லாம் திறந்தாள். இருவருக்கும் டீ போட்டாள். அம்மா சிரிக்கிற சத்தத்தைக் கேட்டு உள்ளறையிலிருந்து ஓடி வந்த குழந்தையின் கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது. சூடான டீ பூச்சியின் மடியில் கொட்டியது.

அவள் கை உயர்ந்தது. அதை அவள் உயர்த்தவில்லை. தோளிலிருந்து அந்த இளஞ்சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. குழந்தை அழவில்லை; நன்றாகக் கற்ற பாடத்தைப் போல, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்தியது.

"அண்ணி," என்றாள் பூச்சி. கை காற்றில் அப்படியே நின்றது. "இந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. வந்து மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். குழந்தை இன்னும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.